கைகட்டி நின்ற முதலாளியம்மா

ஒரு காட்டில், வெயில் ஒளிவு மறைவில்லாமல் இறங்குகிற மேட்டில், ஓர் எருமை தயிர்க்கடை வைத்திருந்தாள். அவள் பெயர் பூவாயி. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு கழி, மேலே பாதிக்கு ஓலை, பின்னால் ஒரு சாக்குப் படுதா. மீதிப் பாதிக்கு ஓலை போட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. பால் அவளுடையது. உறை ஊற்றுவது அவள், சட்டி கழுவுவது அவள். சட்டியைக் கவிழ்த்தாலும் கீழே விழாத தயிர். அப்படி ஒரு தயிர் இந்தக் காட்டிலேயே கிடையாது என்று புலிகூடச் சொல்லும். புலிக்குத் தயிர் பிடிக்காது.

பூவாயிக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று வெயில். அது உச்சிக்கு ஏறுவதற்குள் தயிர் புளித்துவிடும். இன்னொன்று அவள் புருஷன் சடையன். சடையன் தானாக ஒரு தொல்லையும் தந்தவன் இல்லை. மேட்டுக்குக் கீழே இருக்கும் குட்டையில் விடிந்ததும் இறங்குவான், மூக்கு மட்டும் வெளியே தெரியக் கிடப்பான், இருட்டினால் ஏறுவான். ஆனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் பூவாயியைப் பார்ப்பார்கள், பிறகு குட்டையைப் பார்ப்பார்கள்.

"முதலாளி குளிக்கிறாரா?"

"முதலாளி நான்தாங்க."

"அது சரிம்மா. அவரு எந்திரிச்சதும் கேட்டுச் சொல்லு."

குட்டையில் சடையன் ஈயை விரட்ட மூக்கை ஆட்டுவான். வந்தவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவளை முதலாளி என்று ஒப்புக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். கொசுறு கேட்கும்போது மட்டும் ஒப்புக்கொண்டார்கள். குரங்கு வீரணன் தினமும் இலையை நீட்டிக்கொண்டு, "உன் கடைதானேக்கா, இன்னும் ஒரு கரண்டி போட்டா உன்னை யாரு கேக்கப் போறா?" என்பான். பூவாயியும் இன்னும் ஒரு கரண்டி போடுவாள்.

இப்படி இருக்கையில் ஆற்றங்கரை இத்திமரத்தடியை ஒரு பெண் முதலாளிக்கு ஒதுக்கப்போவதாகச் செய்தி வந்தது. இத்திமரத்தடி என்றால் நாள் முழுக்க நிழல். அங்கே வைத்த தயிர் பொழுது சாய்கிறவரை இனிக்கும். பூவாயிக்கு அன்றிரவு அசை போடவே தோன்றவில்லை. அந்த நிழல் வேண்டும். அது கிடைக்காவிட்டால் இந்தக் கோடையோடு கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

இடம் ஒதுக்குகிற அதிகாரி ஒரு முள்ளம்பன்றி. உடம்பெல்லாம் பேனா, ஒன்றிலும் மை இல்லை. அவர் மேடேறி வந்து பூவாயியை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணுன்னு தெரியுது. முதலாளின்னு தெரியலியேம்மா."

"எப்படிங்க தெரியணும்?"

"பார்த்ததும் தெரியணும். ஒரு போர்டு, ஒரு கலர், ஒரு தன்னம்பிக்கை. பௌர்ணமி அன்னைக்கு மறுபடி வருவேன். அப்பவும் தெரியலைன்னா மரத்தடி நரி வீட்டம்மாவுக்குப் போயிடும்."

"அவங்க என்னங்க விக்கிறாங்க?"

"அது இன்னும் முடிவாகலை. ஆனா போர்டு வச்சுட்டாங்க."

மறுநாள் பூவாயி ஒரு சட்டி கெட்டித் தயிரைத் தூக்கிக்கொண்டு பச்சோந்தி வர்ணலிங்கத்திடம் போனாள். வர்ணலிங்கம் பிராண்டு ஆலோசகன். ஒரு கண்ணால் தயிரையும் ஒரு கண்ணால் அவளையும் பார்த்தான்.

"உங்கள் பிராண்டின் நிறம் என்ன, மேடம்?"

"கறுப்பு."

"அது நீங்கள். நான் கேட்டது பிராண்டு."

"வெள்ளை."

"அது தயிர்." அவன் பெருமூச்சு விட்டான். "நிறம் என்பது ஒரு நம்பிக்கை. எங்கே போனாலும் அது மாறக் கூடாது" என்று சொல்லியபடியே இலையிலிருந்து பாறைக்கு ஊர்ந்து போனான். பச்சையில் ஆரம்பித்த பேச்சு சாம்பலில் முடிந்தது.

"அந்தப் பச்சை நல்லா இருந்துச்சே" என்றாள் பூவாயி.

"எந்தப் பச்சை?" என்று கேட்டு அவன் தன் உடம்பையே தேடிப் பார்த்தான். திரும்ப இலைக்குப் போனான். அது வேறு மரத்து இலை, வேறு பச்சை. கடைசியில் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்தான். செம்மண் நிறம் வந்தது. "இதுதான்! மண்ணின் மணம்!" என்று அறிவித்துவிட்டான்.

பெயருக்கும் தகராறு வந்தது. எருமைத் தயிர் என்று போட முடியாது, அது வசவு என்றான் வர்ணலிங்கம்.

"இருக்கட்டுமே" என்றாள் பூவாயி. "விடிஞ்சா பொழுது போனா காட்டுல ஆளாளுக்கு 'எருமைமாடே'ன்னுதான் திட்டிக்கிறாங்க. அத்தனையும் எனக்கு ஓசி விளம்பரந்தானே?"

வர்ணலிங்கம் எதன் மேலும் ஏறாமலே ஒரு புது நிறத்துக்கு மாறினான். "மேடம், இதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளலாமா?"

பிறகு படம். அவன் செல்போனை எடுத்து வெளிக்காட்டுப் பெண் தொழிலதிபர்களின் படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினான். ஒட்டகச்சிவிங்கி, கங்காரு, பெயர் தெரியாத ஒரு கொழுத்த பறவை. எல்லாரும் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பறவை இறக்கையைக் கட்டியிருந்தது.

"கையைக் கட்டுங்கள், மேடம்."

"அய்யய்ய! கைகட்டினா வேலைக்காரி மாதிரி இருக்குமே. சிங்கராசா முன்னாடி நாங்க அப்படித்தானே நிக்கிறோம்?"

"அது அடிமைக் கைகட்டு. இது தன்னம்பிக்கைக் கைகட்டு."

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கே."

"முகவாயைப் பாருங்கள். உயர்த்தினால் முதலாளி. தாழ்த்தினால் வேலைக்காரர். தொழிலே அவ்வளவுதான்."

பூவாயி பின்னங்காலில் எழுந்து புளியமரத்தில் சாய்ந்துகொண்டாள். முன்னங்கால்களைக் குறுக்கே கட்டினாள். முகவாயை உயர்த்தினாள். உயர்த்தினதும் கொம்பு இரண்டும் போய் முதுகில் குத்தின. "அம்மா!" என்று முகவாயை இறக்கினாள். அந்த நொடியில் வர்ணலிங்கம் படம் எடுத்துவிட்டான். இன்னொன்று எடுக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, "இயல்பாக வந்திருக்கிறது, கெடுக்காதீர்கள்" என்றான். அதற்குள் அவன் வாயைச் சுற்றித் தயிர்.

போர்டு வந்தது. செம்மண் நிறத்தில் பெரிதாக 'பூவாயி எருமைத் தயிர்.' கீழே 'ஒரு பெண்ணின் தன்னம்பிக்கை.' நடுவில் கைகட்டி, தலைகுனிந்து, வலியில் லேசாகக் கண்கலங்கிய பூவாயி. வேலம்பிசின் வைத்து ஒட்டியதால் அது இனிக் கழன்று வராது.

முதலில் வந்தது முயல். போர்டைப் பார்த்ததும் அது மூக்கை உறிஞ்சியது.

"பூவாயிக்கா, யாருகிட்ட வேலைக்குச் சேந்துட்டே? சோறாச்சும் ஒழுங்காப் போடுறாங்களா?"

"அடியே, இது என் கடைடி. நான்தான் முதலாளி."

முயல் காதை மடக்கிக்கொண்டு கிட்டே வந்தது. "அப்படித்தான் சொல்லணும்னு சொல்லி வச்சிருக்காங்களாக்கா?"

அன்று முழுக்க இதே கதை. மான் ஆறுதல் சொன்னது. காட்டுப்பன்றி ஒரு பழைய போர்வை கொடுத்துவிட்டுப் போனது. நேற்றுவரை குட்டையையாவது முதலாளி என்று பார்த்தவர்கள், இன்று வேறொரு பெரிய முதலாளியைத் தேடினார்கள். பூவாயி போர்டைக் கொம்பால் நெம்பிப் பார்த்தாள். பிசின் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே குரங்கு வீரணன் இலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னும் ஒரு கரண்டிக்கா."

இருந்த எரிச்சலில் பூவாயிக்கு வாயில் வந்துவிட்டது. "நான் யாருடா குடுக்கிறதுக்கு? வேணும்னா முதலாளியம்மாவைக் கேளு."

வீரணனின் கை பின்னால் போயிற்று. சாக்குப் படுதாவைப் பார்த்தான். காற்றில் படுதா லேசாக அசைந்தது.

"உள்ளதான் இருக்காங்களா?"

"கூப்பிடட்டுமா?"

"வேணாங்கக்கா" என்றான். அவள் அதுவரை கேட்டிராத மரியாதையான குரல். இலையை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

பூவாயி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு படுதாவுக்குப் பின்னால் போனாள். தொண்டையைக் கனைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரலை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கே மயிர் சிலிர்த்தது.

மறுநாள் முதல் காட்டில் எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டார்கள்.

"பூவாயி! யாருடி அது தயிருல விரல விட்டுப் பாக்கிறது?"

முன்னால் ஓடி வருவாள். "கீரிங்கம்மா!" என்று படுதாவைப் பார்த்துச் சொல்வாள். திரும்பப் பின்னால் போவாள்.

"விரல வச்சுட்டுப் போகச் சொல்லு!"

கீரி ஓடிவிடும். கொசுறு நின்றது. புளிக்கிறது என்று பாதி தின்ற சட்டியைத் திருப்பிக் கொண்டுவருவது நின்றது. காலையிலேயே தயிர் தீர்ந்தது. முதலாளியம்மாவை ஒருவரும் பார்த்ததில்லை, ஆனால் அவளுக்கு ஒரு பெண் சிங்கத்தின் பிடரிமயிர் இருக்கிறது என்றார்கள். பெண் சிங்கத்துக்குப் பிடரிமயிர் கிடையாதே என்று கேட்ட ஆமையை அதட்டி உட்கார வைத்தார்கள். இன்னொன்றையும் பூவாயி கவனித்தாள். அந்த அம்மாவின் புருஷன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

பௌர்ணமி வந்தது. முள்ளம்பன்றி அதிகாரி மேடேறினார். பூவாயி அவர் எதிரே வந்து நின்றாள். இத்தனை பாடும் இந்த ஒரு நாளுக்காகத்தானே? கொம்பு குத்தினாலும் பரவாயில்லை என்று முகவாயை உயர்த்திச் சொன்னாள்.

"இந்தக் கடைக்கு முதலாளி நான்தாங்க."

அதிகாரி போர்டைப் பார்த்தார். சிரித்தார். "படத்துலேயே கைகட்டி நிக்கிறியேம்மா. பொய் சொல்லலாம், அதுக்காக போர்டுக்குக் கீழயே நின்னு சொல்லக் கூடாது. சரி, நான் நரி வீட்டம்மாவைப் போய்ப் பாக்கிறேன்."

அவர் திரும்பி இரண்டடி வைத்திருப்பார். பூவாயி படுதாவுக்குப் பின்னால் நுழைந்தாள்.

"யாருய்யா அது? என் வேலைக்காரியக் கேள்வி கேக்கிறது?"

அதிகாரியின் முட்கள் சிலிர்த்து, அடுத்த கணம் படிந்துவிட்டன. "நா... நான் அதிகாரிங்க."

"நரி வீட்டுக்காரி என்ன விக்கிறா?"

"அது இன்னும் முடிவாகலைங்கம்மா."

"நான் முடிவு பண்ணிட்டேன். மரத்தடி எனக்கு."

"உங்களுக்குத்தாங்கம்மா! குரல்லயே தன்னம்பிக்கை தெரியுதே, வேற யாருக்குக் குடுக்கப் போறோம்?" அதிகாரி தன்னை அறியாமல் முன்னங்கால்களை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். முகவாய் தானாகத் தாழ்ந்தது. "ஒரு கால் பதிவு மட்டும் வேணுங்கம்மா. சும்மா சடங்குக்கு."

படுதாவுக்குக் கீழே ஒரு கறுத்த குளம்பு வந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார்.

"அம்மாவும் எருமைங்களா?"

"என்னய்யா, திட்டுறியா?"

"ஐயோ! இல்லைங்கம்மா! கும்பிடுறேங்கம்மா!"

அவர் ஓடிய வேகத்தில் மேட்டுச் சரிவெல்லாம் பேனா உதிர்ந்து கிடந்தது.

பூவாயி இத்திமரத்தடிக்குக் குடிபோனாள். போர்டு ஒட்டிய கழியை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனாள், படுதாவையும்தான். வர்ணலிங்கம் அந்தப் படத்தைத் தன் செல்போனில் முதல் படமாக வைத்துக்கொண்டு, முகவாயைத் தாழ்த்துவதுதான் இனிமேல் தன்னம்பிக்கை என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறான். பொழுது சாய்ந்தும் தயிர் இனித்தது. மாதர் சங்கத்திலிருந்து முதலாளியம்மாவைப் பேச அழைத்தார்கள். அம்மாவுக்கு நேரமில்லை, வேண்டுமானால் என்னை அனுப்புவார்கள் என்றாள் பூவாயி. வேலைக்காரி வந்து என்ன பேசப் போகிறாள் என்று அவர்கள் யோசித்துவிட்டு, நரி வீட்டம்மாவை அழைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் சடையன் குட்டையிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட இத்திமரத்தடிக்கு வந்தான்.

"ஏ பூவாயி, யாருடி அந்தம்மா? நான் கிடக்கிற இடத்துக்கே குரல் கேக்குது."

பூவாயி அவனைப் பார்த்தாள். விளையாட்டாகக் கேட்கிறானோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். இல்லை, நிசமாகவே கேட்கிறான். கட்டிய புருஷன். அவளுக்கு ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது.

"ரொம்பக் கறாருய்யா. நாளையிலிருந்து உன்னைச் சட்டி கழுவ வரச் சொல்லியிருக்காங்க."

"நானா? வரலைன்னா என்ன பண்ணிடுவாங்களாம்?"

"இரு, கேட்டுட்டு வாரேன்" என்று பூவாயி படுதாவுக்குப் பின்னால் போனாள்.

"சடையா!"

சடையன் நாளைக்குக் காத்திருக்கவில்லை. அப்போதே சட்டி முன்னால் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தான்.

அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் பூவாயி கண்ணில் படுவதில்லை. அதைக் காட்டில் இன்றுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. வேலைக்காரி எங்கே போனாள் என்று யார் பார்க்கிறார்கள்?

நீதி: சொந்தமாகத் தொழில் செய்ய நினைக்கும் பெண் முதலில் ஒரு முதலாளியிடம் வேலைக்குச் சேர வேண்டும். முதலாளி கிடைக்காவிட்டால் ஒரு சாக்குப் படுதா போதும்.