சங்கிலியின் இரண்டாவது தும்மல்

காரந்துறை நாடு ஏழு கடலுக்கு அப்பாலெல்லாம் இல்லை. நடுவில் ஒரே ஒரு கடல்தான். அந்த நாட்டுக்கு வந்த தொந்தரவு அத்தனையும் அந்தக் கடல் வழியாகத்தான் வந்தது. மலையில் மிளகு காய்த்தது, துறைமுகத்தில் மிளகு காய்ந்தது, காற்றடித்தால் ஊரே தும்மியது. தும்மலுக்கு அங்கே ஒரு முறை உண்டு. நல்ல காரியம் தொடங்கும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் அபசகுனம். வாசல் தாண்டியவர் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவார். இரட்டைத் தும்மல் என்றால் காரியம் ஜெயம். எதுவானாலும் தும்மியவரைப் பார்த்துப் பக்கத்திலிருப்பவர் "ஆயுசு நூறு" என்று சொல்லிவிட வேண்டும். பகையாளி தும்மினாலும் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அந்த ஊரில் மனிதர் கணக்கில் சேர்ப்பதில்லை.

பேராச்சி புகுந்த வீட்டில் எல்லோருக்கும் இரட்டைத் தும்மல்தான். மாமனார், கொழுந்தன், கட்டிய கணவன் சங்கிலி, யாருக்கும் ஒன்றோடு நிற்காது. அதனாலேயே ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டாலும் சங்கிலியை முன்னால் நிறுத்தி, ஒரு சிட்டிகை மிளகுப் பொடியை அவன் மூக்கருகே காட்டுவார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் மனிதனுக்கு அது ஒரு மரியாதை. பேராச்சிக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு.

அகலத்தொப்பிக்காரர்கள் முதலில் மிளகு வாங்கத்தான் வந்தார்கள். மிளகைப் பத்திரமாக வைக்க ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டையைப் பத்திரமாக வைக்க நாட்டை எடுத்துக்கொண்டார்கள். கொடியேற்று நாளில் அவர்களுடைய ஆளுநர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கொடி பாதி மரம் ஏறியிருக்க, தோளில் மூட்டையோடு நின்ற சங்கிலி "அச்" என்று தும்மினான். அடுத்தது வருவதற்குள் ஒரு சிப்பாய் பாய்ந்து அவன் வாயையும் மூக்கையும் பொத்திவிட்டான். கூட்டம் பழக்கதோஷத்தில் "ஆயுசு நூறு" என்றது. அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒற்றைத் தும்மல் ஆயிற்றே என்று பாதிக் கூட்டம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

ஆளுநர் அதிர்ந்துபோனார். பக்கத்தில் நின்ற துபாசி திருமேனியிடம் விளக்கம் கேட்டார். திருமேனிக்கு மூன்று மொழிகள் தெரியும். சும்மா இருக்க மட்டும் தெரியாது.

"மேன்மை தங்கிய ஆளுநர் அவர்களே, தங்கள் கொடிக்கு ஆயுள் இல்லை என்று இம்மனிதன் நாசி வாயிலாக அறிவித்துள்ளான். அதற்காக மக்கள் இவனுக்கு நூறாண்டு வழங்கியுள்ளார்கள்."

"எனக்கு?"

"தங்களுக்கு எதுவும் வழங்கப்படவில்லை."

அன்று மாலையே தும்மல் தடைச் சட்டம் வந்தது. கொடியின் பார்வையில் தும்முவது ராஜத் துரோகம். சங்கிலியைக் கொடிமரத்துக்கு நேர் கீழே, கோட்டையின் நிலவறையில் போட்டுப் பூட்டினார்கள். கல்யாணமாகி ஒரு பொங்கல்கூடக் காணாத பேராச்சி கோட்டை வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, இன்னொண்ணு இருக்குய்யா. எங்க வீட்ல எப்பவும் ரெண்டு. அவுகள வெளிய விட்டு இன்னொரு தும்மல் தும்ம விடுங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

"ஒரு குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு வருவார்கள். நீ இரண்டாவது குற்றத்துக்கு அனுமதி கேட்டு வந்திருக்கிறாய்" என்றார் திருமேனி.

நிலவறைக்குத் தரை மட்டத்தில் ஒரு சிறு ஜன்னல் இருந்தது. உள்ளே இருப்பவனுக்கு வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். கைதியோடு பேசக் கூடாது, நிற்கக் கூடாது, நடக்கலாம். ஆகவே பேராச்சி தினமும் அந்த வழியாக நடந்தாள். மெட்டி கல்லில் படும்படி நடந்தாள். தன் கால் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

நாடு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழக் கற்றுக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர்கள் கொடிக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்து கடலில் விழுந்தார்கள். குடிமக்கள் மிளகு ரசம் வைக்கக் கூடாது என்று ஆணை வந்தது; மிளகு இனி ஏற்றுமதிக்கு மட்டும். ஜலதோஷம் பிடித்தவர்களை வைத்தியர்கள் தொட மறுத்தார்கள், குற்றத்துக்கு உடந்தை என்று ஆகிவிடுமாம். மழைக்காலத்தில் பாதி ஊர் போர்வையோடு மலைக்கு ஓடி ஒளிந்தது.

பிறகு ஒரு விடியற்காலையில் பீரங்கி முழங்கியது. மூலைத்தொப்பிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அகலத்தொப்பிக் கொடி கிழிந்து கீழே விழுந்ததைப் பேராச்சி தன் கண்ணாலேயே பார்த்தாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவுக தும்மல் பலிச்சிட்டு, அவுக தும்மல் பலிச்சிட்டு என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே ஓடினாள். எதிரியின் கொடியைத் தும்மியே சாய்த்த மனிதனுக்குப் புது ஆளுநர் பட்டு போர்த்துவார் என்று ஊரே நம்பியது. அவள் அவனுக்கு வேட்டிகூடத் துவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

புது ஆளுநர் எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டார். மொழிபெயர்த்தவர் திருமேனி, தொப்பி மாறினாலும் துபாசி மாறவில்லை.

"எங்கள் பீரங்கிகளுக்கு மூன்று நாள் ஆன வேலையை உன் கணவன் ஒரே மூச்சில் முடித்திருக்கிறான். பாராட்டுகிறேன். அப்படிப்பட்ட மூக்கை வெளியே விடும் அளவுக்கு நான் முட்டாள் அல்ல."

மூலைத்தொப்பிக்காரர்கள் நாகரிகமானவர்கள். தடை வேண்டாம், ஒழுங்கு போதும் என்றார்கள். ஊர்க் கோடியில் ஒரு தும்மல் கூடம் கட்டினார்கள். தும்மல் வருகிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து, மூக்கைக் காட்டி, வரிசையில் நின்று, முறை வந்ததும் உள்ளே போய்த் தும்மலாம். வரிசையில் நிற்பதற்குள் தும்மல் போய்விடும். விண்ணப்பித்துவிட்டுத் தும்மாமல் திரும்புகிறவர் அரசை ஏமாற்றியவர் ஆவார். நிலவறையில் இப்போது சங்கிலிக்குப் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை.

அடுத்து வந்த தக்கைத்தொப்பிக்காரர்கள் சண்டையே போடவில்லை. எங்கோ ஒரு தூர தேசத்தில் விருந்து மேசையில் உட்கார்ந்து காரந்துறையை வாங்கிவிட்டார்கள். பேராச்சி மறுபடியும் வேட்டி துவைத்தாள். இவர்கள் நியாயஸ்தர்கள் என்று பேர். இவர்களுடைய ஆளுநர் அவளுக்கு உட்கார நாற்காலியே போட்டார், அவள் உட்காரவில்லை.

"உன் கணவர் குற்றமற்றவர் என்றே கருதுகிறேன், அம்மணி. ஆனால் கோட்டை, பீரங்கி, கிணறு, கைதி என்று உள்ளது உள்ளபடி எங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை வெளியே விட்டால் ஒப்பந்தம் குலைந்துவிடும்."

"அவுக கிணறு இல்லய்யா, மனுசன்" என்றாள் பேராச்சி.

இதைத் திருமேனி மொழிபெயர்க்கவில்லை.

தக்கைத்தொப்பிக் காலத்தில்தான் செம்பியன் என்ற இளைஞர் கிளம்பினார். சந்தை நடுவில் நின்று, மூக்குப்பொடி டப்பியைத் திறந்து, கொடியைப் பார்த்து ஏழு தடவை தும்மினார். ஊர் சிலிர்த்துப் போயிற்று. வீட்டுக்கு வீடு மூக்குப்பொடி ரகசியமாகப் போயிற்று. செம்பியனையும் அதே நிலவறையில்தான் அடைத்தார்கள். தண்டனை முடிந்து வெளியே வந்ததும் அவர் நேராகப் பேராச்சி வீட்டுக்கு வந்தார்.

"மதினி, அண்ணன் நல்லா இருக்காரு. தினமும் உங்க மெட்டிச் சத்தம் கேட்டப்புறந்தான் கஞ்சியே குடிக்காரு. நம்ம கொடி ஏறுற அன்னிக்கு முதல் வேலை அந்தக் கதவுதான். இது சத்தியம்."

அன்றிலிருந்து பேராச்சி, செம்பியன் தொடங்கிய கட்சியின் பெண்களோடு சேர்ந்து மிளகு இடித்தாள், பொடி சுமந்தாள், அடி வாங்கினாள். தலை நரைத்துவிட்டது, ஆனால் மனசு பந்தக்கால் நடும் வீடு மாதிரி பரபரத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருநாள் தக்கைத்தொப்பிகள் கப்பலேறின. செம்பியன், தலைவர் செம்பியனார் ஆனார். தலைப்பாகை கட்டிக்கொண்டு கோட்டைக்குள் குடிபோனார். பேராச்சி வேட்டியோடு போய் நின்றாள். தலைவருக்குப் பக்கத்தில் முதன்மைச் செயலாளர் நின்றிருந்தார். திருமேனிதான்.

"இந்த அம்மையார் யார்?" என்று கேட்டார் தலைவர்.

தான் சங்கிலியின் மனைவி என்று பேராச்சி சொன்னாள்.

"ஓ, அண்ணன் விஷயமா" என்றார் தலைவர். "அம்மா, யோசிச்சுப் பாருங்க. அந்நியன் கொடிக்கு முன்னால தும்மினா அது வீரம். நம்ம கொடிக்கு முன்னால எதுக்குத் தும்மணும்? சட்டம் இருந்துட்டுப் போகட்டும். நல்லவங்க கையில இருக்குற சட்டம் நல்ல சட்டந்தானே."

"அவுக தும்மினது அகலத்தொப்பிக் கொடிக்குத்தானய்யா."

"கொடி வேறு. கொடிமரம் அதே மரம்தான்" என்றார் திருமேனி.

கொடியேற்று நாள் வந்தது. அவள் போகக் கூடாது என்று நினைத்தாள். கால் கேட்கவில்லை; அந்த வழியாகவே நடந்து பழகிய கால். முற்றம் முழுக்கத் தலைகள். என்ன இருந்தாலும் சொந்தக் கொடி, ஜனங்கள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தலைவர் கோட்டை மேல்தளத்தில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கொடி பாதி மரம் ஏறியது. அறுவடைக் காலம், மலைக்காற்று, துறைமுகம் நிறைய மிளகு. போதாததற்கு எத்தனையோ வருஷம் பொடி போட்டுப் பழகிய மூக்கு.

"அச்" என்றார் தலைவர்.

தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று பல கால்கள் திரும்பி, பயந்து, மறுபடி நேராக நின்றன. காவல் அதிகாரி பழக்கத்தில் விலங்கை எடுத்துவிட்டார். யாருக்குப் பூட்டுவது என்று தெரியாமல் நின்றார். திருமேனி முன்னால் வந்து தொண்டையைச் செருமினார்.

"இப்போது கேட்ட தும்மல் கீழே நிலவறையிலிருந்து வந்தது என அரசு கண்டறிந்துள்ளது. கைதி சங்கிலிக்கு மேலும் பத்தாண்டு விதிக்கப்படுகிறது."

பேராச்சி திட்டவில்லை, கல் எடுக்கவில்லை. அண்ணாந்து தலைவர் முகத்தை நேராகப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, கணீரென்று சொன்னாள்:

"ஆயுசு நூறு."

அவ்வளவுதான். கூட்டத்துக்குக் கட்டு விட்டுப்போயிற்று. முற்றம் முழுவதும் தலைவரைப் பார்த்து, "ஆயுசு நூறு, ஆயுசு நூறு" என்றது. வாழ்த்தியவர்களைச் சிறையில் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை. வாழ்த்தை வாங்கிக்கொண்டால் தும்மியது தான்தான் என்று ஆகிவிடும். தலைவர் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். அந்தச் சத்தம் அடங்கும் நேரத்தில், தரை மட்டத்து ஜன்னலிலிருந்து கரகரத்த ஒரு குரல் வந்தது.

"ஆயுசு நூறு."

இத்தனை வருஷம் கழித்துக் கேட்ட சங்கிலியின் குரலில் பேராச்சி ஆடிப்போனாள். ஊருக்கோ வேறொன்று உறைத்தது. தும்மியவன் தனக்குத்தானே ஆயுசு சொல்லிக்கொள்வது காரந்துறையில் கிடையாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை அது.

"ஒத்தையில நிறுத்தாதீங்கய்யா, கொடிக்கு ஆகாது. இன்னொண்ணு போடுங்க" என்று கூட்டத்தில் யாரோ நிஜமான கவலையோடு கேட்டார்கள்.

தலைவருக்கு இரண்டாவது வந்துகொண்டுதான் இருந்தது. கண் கலங்கி, மூக்கு சிவந்து, முகம் மேலே மேலே போயிற்று. சட்டென்று மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டார். பேராச்சி அதைப் பார்த்தாள். கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு நிலவறைக் கதவை நோக்கி நடந்தாள். அவள் பின்னால் கூட்டம் நடந்தது. தடுக்கச் சொல்லித் தலைவர் வாயைத் திறந்தால் தும்மல் வந்துவிடும். தலைவர் சொல்லாமல் திருமேனி எதையும் மொழிபெயர்க்க முடியாது. உத்தரவு வருமா என்று காவலாளிகள் மேலே பார்த்தார்கள், வரவில்லை. பேராச்சி கை நீட்டியதும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

சங்கிலி குனிந்து வெளியே வந்தான். முதலில் அவள் காலைத்தான் பார்த்தான். பிறகு மெதுவாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். வெயில் கண்ணில் அடித்ததும் அவன் மூக்கு நெளிந்தது. சுற்றி நின்றவர்கள் மேலே கொடியைப் பார்த்தார்கள். சட்டம் இன்னும் சட்டமாகத்தான் இருந்தது.

"தும்முங்க. அன்னிக்கு விட்டதையும் சேர்த்துத் தும்முங்க" என்றாள் பேராச்சி.

மேல்தளத்தில் தலைவர், ஒரு கையில் கொடிக்கயிறும் ஒரு கையில் மூக்குமாக, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.