ஆறரைக்கு வராத தண்ணீர்

மிளகாய் நாற்றுகள் மஞ்சள் அடித்து நின்றதைப் பாலுசாமி முதலில் டியூப்லைட்டின் குற்றம் என்றுதான் நினைத்தார். லைட்டை மாற்றினார். புது வெளிச்சத்தில் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஒண்ணாந்தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் கிருபாசங்கர் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். பீளமேட்டில், காலேஜுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு ரூமை வைத்துக்கொண்டு அதில் செடி வளர்ப்பதா? ஒண்ணாந்தேதிக்குள் ஒரு தட்டு நாற்றாவது பச்சையாக நின்றால் அப்பாவே ரூமை வைத்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் ரிஃபத் என்று ஒரு மாணவன் பெட்டியோடு குடி வருவான்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சென்னியம்மாள், "பையன் சொல்றதும் சரிதானுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

பாலுசாமிக்கு அந்த ரூம் வேண்டும். முப்பது வருஷம் பஞ்சு மில்லில், நூல் அறாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் கொடுக்கிற பிளாண்டில் வேலை பார்த்தவர். பெரும்பாலும் நைட் ஷிப்டு. ஷிப்டு மாறும்போது யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசுகிற தெம்பு உடம்பில் மிச்சமிருக்காது. இருக்க வேண்டிய அளவு சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும். அடுத்த ஷிப்டுக்காரன் அதைப் பார்ப்பான், மீட்டரைப் பார்ப்பான், இரண்டும் ஒத்துவராவிட்டால் வால்வைத் திருப்புவான். அவ்வளவுதான் வேலை.

ஓய்வு பெற்றும் அந்தக் கை ஓயவில்லை. ஹாலில் உட்கார்ந்தபடியே குக்கர் விசில், ஃபேன் வேகம், தோசைக்கல் சூடு என்று எல்லாவற்றையும் சரிசெய்து பார்த்தார். இந்த நாற்று ரூம் அமைந்த பிறகுதான் திருப்புவதற்குச் சொந்தமாக ஒரு வால்வு கிடைத்த மாதிரி இருந்தது.

கிணத்துக்கடவில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் மாசாணம் தூரத்து உறவு. பாலுசாமி மஞ்சள் இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு போய் அவனிடம் காட்டினார்.

"தண்ணியில பிஎச் பாத்தீங்களா மாமா?" என்றான் மாசாணம். "ஏழுக்குக் கீழ போனா புளிப்பு, மேல போனா காரம். போர் தண்ணி காரமாத்தான் இருக்கும். நாத்துக்கு ஆறரைக்கு வந்தா நல்லது."

"மொளகாய்க்கே காரம் ஆகாதுங்களா?"

மாசாணம் பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து அவரிடம் விற்றுவிட்டான்.

வீட்டு போர் தண்ணீர் எட்டரை காட்டியது. பாலுசாமி ரூம் கதவில் சாக்பீஸால் பெரிதாக 6.5 என்று எழுதினார். பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் எலுமிச்சம்பழங்களைப் பிழிந்தார். கணக்கில்லாமல் பிழிந்ததில் மீட்டர் நாலரைக்கு இறங்கிவிட்டது. அவர் பதறவில்லை. மில்லிலும் அப்படித்தான், வால்வைத் திருப்பிய உடனே முள் வந்து நிற்காது. கொஞ்ச நேரம் விட வேண்டும். விட்டுவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினார். நைட் ஷிப்டு பழக்கம், மத்தியானத் தூக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது.

எழுந்து வந்து பார்த்தால் மீட்டரில் ஒன்பதே கால்.

எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர் எப்படி ஏறும்? இன்னும் பிழிந்தார். இறங்கியது. மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது மறுபடி ஏறியிருந்தது. செடிக்குத் தண்ணீர் காட்டாமலும் இருக்க முடியாது. காட்டக் காட்ட, தட்டிலிருந்த தேங்காய் நார்த்தூளின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன.

எலுமிச்சம்பழம் வாங்கப் பையெடுத்தவரிடம் சென்னியம்மாள் சமையலறையிலிருந்தே சொன்னாள், "வெத்தலைக்குச் சுண்ணாம்பு தீந்துபோச்சுங்க. வர்றப்ப ரெண்டு டப்பா வாங்கியாங்க." வீட்டிலிருந்த பழமெல்லாம் காலியானதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே பாலுசாமிக்குப் பெரிய நிம்மதி.

மீட்டர்மேல் சந்தேகம் வந்து மறுபடி கிணத்துக்கடவுக்கு பஸ் ஏறினார். மாசாணம் ஏதோ ஒரு பாட்டில் தண்ணீரில் மீட்டரை முக்கிப் பார்த்தான்.

"மீட்டருக்கு ஒண்ணுமில்லீங்க மாமா. பாக்குற ஆளைத்தான் மாத்தோணும்."

அப்படியானால் போர் தண்ணீரில்தான் கோளாறு. தெருக்குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்த அன்று குடத்தில் பிடித்து வைத்திருந்ததைத் தூக்கி வந்து பக்கெட்டில் ஊற்றினார். வழக்கமான அளவு பழம் பிழிந்தார். போர் தண்ணீரைப் போல அது தாக்குப்பிடிக்கவில்லை, மூன்றரைக்கு விழுந்தது. சரி, நிலைக்கட்டும் என்று தூங்கினார். எழுந்தபோது மீட்டரில் பதினொன்று.

அவர் வாசலுக்கு வந்து, சிறுவாணித் தண்ணீர் கெட்டுவிட்டது என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அந்தத் தண்ணீரின் ருசியைப் பெருமையாகப் பேசும் கோயமுத்தூரில் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அடுத்த முறை தெருக்குழாயில் தண்ணீர் விட்டபோது அவருடைய குடம் மட்டும் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போய், அதன் முறை வரும்போது தண்ணீர் நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தார்.

"வெள்ளிக்கெழமை ஆனைமலை போறேன். என்ற செடியில கை வெக்கறவன் எவனா இருந்தாலுஞ் செரி, மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சு அப்பிப்போட்டு வாரேன்."

அநியாயம் நடந்தவர்கள் அங்கே மிளகாய் அரைத்துப் பூசினால், செய்தவன் உடம்பு பற்றி எரியும் என்பார்கள். சென்னியம்மாள் கையிலிருந்த ரசக் கரண்டி தட்டில் விழுந்தது.

"செடிக்கெல்லாம் போயி மொளகா அரைக்கறதுங்களா? அம்மனுக்கு வேற சோலி இல்லீங்களா?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி கருப்பாத்தாளும் தேய்ப்பதை நிறுத்தினாள். ஊர் உலகத்தில் யாருக்கும் நியாய உணர்ச்சி இல்லை என்று பாலுசாமி நினைத்துக்கொண்டார்.

ஆனைமலைக்குப் போக நேரமில்லை, ஒண்ணாந்தேதி முந்திக்கொண்டது. கடைசி முயற்சியாக, அதற்கு முந்தின நாள் காலையில் மாசாணத்தின் பண்ணையிலிருந்தே தளதளவென்று ஒரு தட்டு நாற்று வாங்கி வந்து வைத்தார். மகன் வந்து பார்க்கும்போது பச்சையாக நின்றால் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பக்கெட் தண்ணீரில் பழம் பிழிந்து, ஐந்துக்குக் கொண்டுவந்து, நிலைப்பதற்கு விட்டுவிட்டுத் தூங்கினார்.

சாயங்காலம் பக்கெட் காலியாக இருந்தது. நாற்றுகள் அத்தனையும் தண்டு வெளுத்துப் படுத்திருந்தன.

ஒண்ணாந்தேதி காலையில் கிருபாசங்கர் தட்டைப் பார்த்தான். ரிஃபத் கதவில் இருந்த 6.5-ஐ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியை உள்ளே வைத்தான்.

பாலுசாமியின் நாற்காலி ஹாலுக்கு, டிவிக்கு எதிரே வந்தது. மத்தியானச் சீரியல் ஆரம்பித்தது. சத்தம் இருபத்தைந்தில் இருப்பதை அவர் கவனித்தார். எழுந்து போய்ப் பதினெட்டாகக் குறைத்து, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் 18 என்று எழுதினார். அப்படியே ஃபேன் ரெகுலேட்டருக்கு மேலே 3 என்று எழுதினார். சென்னியம்மாள் அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"செடி செத்ததுக்கு அம்மிணிக்கும் வெசனம்தான்" என்றார் பாலுசாமி. மனசு கொஞ்சம் இளகியிருந்தது. "இருக்கட்டும் கருப்பாத்தா. இந்த வெள்ளிக்கெழமை ஆனைமலை போயி மொளகா அரைக்காம உட மாட்டேன்."

தரை துடைத்துக்கொண்டிருந்த கருப்பாத்தாள் துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள். சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அங்க மட்டும் போயிராதீங்கய்யா, எரிச்சல் அம்மாவுக்குத்தான் வரும், செடி செத்தா நீங்க ஹாலுக்கு வந்துருவீங்கன்னு பயந்துட்டு, தெனம் நீங்க தூங்குனதும் கதவுல இருக்கற நம்பரையும் மீட்டரையும் பாத்துப் பாத்து சுண்ணாம்பு கலக்கி, அந்தச் செடியக் காப்பாத்தப் பாத்ததே அவங்கதானுங்க."