சல்லடை மாப்பிள்ளையும் பீங்கான் மாப்பிள்ளையும்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களின் சமூகத்திற்கு,

மூத்த மாப்பிள்ளை மிகுந்த பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். உங்கள் மூத்த மகள் சுகம். இளைய மாப்பிள்ளை மிக மிகச் சுகம். அவருடைய சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் உட்கார்ந்துகொண்டு படிக்கவும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இளைய மாப்பிள்ளையை நீங்கள் கூப்பிட்டு, வேறு ஏதாவது ஊரில், வேறு ஏதாவது தொழிற்சாலையில், இதைவிடப் பெரிய வேலையாகப் பார்த்துக்கொண்டு போகும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இதைப் பொறாமையில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். பொறாமைப்பட எனக்கு நேரம் கிடையாது. அவர் எவ்வளவு தூரம் முன்னேறினாலும் எனக்குச் சந்தோஷமே. தூரம்தான் முக்கியம்.

நான் செய்கிற வேலை என்ன என்று உங்களுக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தேன். அன்று என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் செய்வது கேஸ் டர்பைன் எஞ்சின். முன்னால் காற்றை இழுத்து, நெருக்கி, எரிபொருளோடு கொளுத்தினால், அந்தச் சூட்டுக் காற்று பாய்ந்து வந்து சக்கரத்தின் பிளேடுகளில் மோதும், சக்கரம் சுற்றும். அந்தக் காற்றின் சூடு எப்பேர்ப்பட்டது என்றால், பிளேடு எந்த உலோகமோ அது உருகும் சூட்டைவிட அதிகம். நியாயமாகப் பார்த்தால் பிளேடு மெழுகாக ஓடிவிட வேண்டும். ஓடாமல் நிற்பதற்குக் காரணம் நான். பிளேடுக்குள்ளே குடல் மாதிரி வளைந்து வளைந்து போகும் வழிகள் வைத்து, எரிவதற்கு முன்னாலேயே கொஞ்சம் காற்றைத் திருப்பி அதற்குள் விட்டு, மேல்தோலில் பொடிப்பொடியாகப் போட்ட ஓட்டைகள் வழியே வெளியே விடுகிறேன். அது பிளேடின் மேல் மெல்லிய போர்வையாகப் படர்ந்து, சூட்டை அண்டவிடாமல் காக்கிறது. எந்த இடத்தில் ஓட்டை, எவ்வளவு சரிவு, எவ்வளவு அகலம் என்று யோசித்து யோசித்தே என் தலைமுடி போயிற்று. என் முன்மண்டையை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

இப்படி நிம்மதியாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்த என் வாழ்க்கையில், உங்கள் இளைய மகளைக் கட்டிக்கொண்டு சகலை வந்து சேர்ந்தார். வந்தவர், உலகத்தில் எத்தனையோ தொழிற்சாலை இருக்க, எங்கள் தொழிற்சாலையிலேயே பூச்சுப் பிரிவில் சேர்ந்தார். பீங்கான் பொடியை உருக்கி, நான் செய்த பிளேடின் மேல் மெல்லிசாகத் தூவுகிற பிரிவு. சூட்டை உள்ளே விடாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் மாமா, அவர் வேலை கண்ணுக்குத் தெரியும். வெள்ளை வெளேரென்று இருக்கும். என் வேலை ஓட்டை. ஓட்டை என்பது இல்லாத ஒன்று. இல்லாததைக் காட்டி ஒரு மனிதன் யாரிடம் போய்ப் பெருமை பேசுவான்?

சகலையும் உங்கள் இளைய மகளும் புது வீட்டுக்குக் குடிபோன அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு நன்றாகவே இருக்கிறது. எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் அவரிடம், “சின்னவரே, ஆபீஸ்ல நீங்க என்னதான் செய்றீங்க?” என்று கேட்டீர்கள். அவர், “நெருப்புக்குள்ள நிக்கிற பிளேடுக்குப் பீங்கான்ல சட்டை தைச்சுப் போடுறேன் மாமா” என்றார். ஒரே வரி. அத்தை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “என்ன அழகாச் சொல்றாரு!” என்றார். அப்புறம் நீங்கள் என் பக்கம் திரும்பி, “நீங்க என்ன பண்றீங்க மாப்பிள்ளை?” என்றீர்கள். இத்தனை வருஷமாக உங்கள் வீட்டு மருமகன் நான், அன்றுதான் முதல்முறையாகக் கேட்டீர்கள். அந்த ஆனந்தத்தில் நான் காற்றழுத்தத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடினீர்கள். ஆழ்ந்து யோசிக்கிறார் என்று நினைத்து இன்னும் விரிவாகச் சொன்னேன். குறட்டை வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. உங்கள் மூத்த மகள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, “அவர் பிளேடுல ஓட்டை போடுறாருப்பா” என்று உரக்கச் சொன்னாள். நீங்கள் திடுக்கிட்டு விழித்து, “என்னது? அவர் சட்டை தைக்கிறாரு, நீங்க அதுல ஓட்டை போடுறீங்களா?” என்றீர்கள். கூடமே சிரித்தது. உங்கள் இளைய மகள், “அப்போ அத்தான் சல்லடை மாப்பிள்ளை!” என்று கைகொட்டினாள். சிரிக்காதவர் ஒரே ஒருவர், இளைய மாப்பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அவர் விடவில்லை. “அண்ணா, சாப்பிட்டீங்களா?” என்பார். “ம்” என்பேன். கேண்டீனில் பரிமாறும் அம்மாள் என் தட்டில் கரண்டியைக் கவிழ்த்துக்கொண்டே, “உங்க கூடப் பிறந்தவர் வரலையா? தங்கமான மனுஷர்” என்று என்னிடமே சொல்கிறார். வாசல் காவலாளி எனக்கு அடையாள அட்டையைக் கேட்கிறான், அவருக்கு நாற்காலியைப் போடுகிறான். போதாக்குறைக்கு ஒருநாள் நான் வீடு திரும்பினால், பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. “சின்ன மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்தாரு, ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டாரு” என்றாள் உங்கள் மூத்த மகள். வெளியே என் ஓட்டைகளின் மேல் பூசுகிறார் என்றால், வீட்டுக்குள்ளும் வந்து என் ஓட்டையை அடைக்கிறாரே! அன்று முழுக்க அந்தக் குழாயைத் திறந்து திறந்து மூடினேன். ஒரு சொட்டு ஒழுக வேண்டுமே! ஒழுகவில்லை.

இந்த நிலையில்தான் புது எஞ்சினுக்கான பிளேடு எங்கள் இருவர் தலையிலும் வந்து விழுந்தது. பழைய பிளேடைவிட அதிகச் சூட்டில், அதிக காலம் உழைக்க வேண்டும் என்று எங்கள் பெரிய மேடம் சொல்லிவிட்டார். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பீங்கானைத் தூவும்போது என் ஓட்டைகளின் வாய் கொஞ்சம் அடைந்துபோகும். அடைகிற அளவுக்கு நான் முன்கூட்டியே பெரிதாகப் போட்டுவிடலாம், அல்லது அடையாதபடி அவர் பூசலாம். இரண்டில் எது என்று பேசி முடிவு செய்தால் போதும். அரை நிமிஷப் பேச்சு. அந்த அரை நிமிஷத்துக்காக அவர் மேஜைக்குப் போனேன். சுற்றிலும் நாலைந்து பேர் நின்று அவர் சொன்ன எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மேஜையைச் சுற்றி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்த வழியே திரும்பிவிட்டேன். இவரிடம் என்ன கேட்பது என்று நானாகவே ஓட்டைகளைப் பெரிதாக்கி வரைபடத்தை அனுப்பிவிட்டேன்.

அங்கே அவர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? அண்ணன் ஏதோ கோபத்தில் இருக்கிறார், அவருடைய ஓட்டையில் ஒரு தூசிகூட விழக் கூடாது என்று, பூசும்போது பிளேடுக்குள்ளிருந்து காற்றை ஊதிவிட்டுக்கொண்டே பூசி, ஒரு ஓட்டைகூட அடையாமல் பார்த்துக்கொண்டார். எனக்குச் சொல்லாமல் செய்து என்னைச் சந்தோஷப்படுத்தப் போகிறாராம். பிளேடின் காற்றோட்டத்தை அளந்த பெண், “சார், காத்து கொஞ்சம் தாராளமா வருது” என்று சொல்லத்தான் செய்தாள். “தாராளமா வந்தா நல்லதுதானேம்மா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கெடுகாலம் வந்தால் கையெழுத்து அழகாக வரும்.

நல்லதில்லை மாமா. அடையும் என்று நான் பெரிதாகப் போட்ட ஓட்டை அடையவே இல்லை, தேவைக்கு மேல் காற்று வந்தது. குளிர்காற்று கூடினால் பிளேடு இன்னும் குளிரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓட்டையிலிருந்து காற்று மெதுவாகப் புறப்பட்டால்தான் பிளேடை ஒட்டிப் படரும். அளவு மீறிப் புறப்பட்டால் எகிறி மேலே போய்விடும். அந்த இடைவெளியில் சூட்டுக் காற்று புகுந்துவிடும். சோதனை அன்று தடித்த கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் நின்றோம். எஞ்சின் உறுமத் தொடங்கியது. சகலை என் பக்கத்தில் வந்து நின்று, “நம்ம பிளேடு அண்ணா” என்றார். ‘நம்ம’வாம்! கொஞ்ச நேரத்தில் திரையில் பிளேடின் சூடு ஏறியது. ஏறக் கூடாத அளவுக்கு ஏறியது. யாரோ கத்த, யாரோ பொத்தானை அழுத்த, எஞ்சின் பெருமூச்சு விட்டபடி அடங்கியது. ஆறிய பிறகு குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அவருடைய வெள்ளைப் பீங்கான் திட்டுத் திட்டாக உரிந்து, அடியில் என் உலோகம் கருகி, முன்விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பீங்கான் உரிந்ததைப் பார்த்ததும் என் மனதுக்குள் ஒரு நொடி குளுகுளுவென்று இருந்தது. அடுத்த நொடியில், உரிந்தது எதனால் என்று புரிந்தது.

பெரிய மேடம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கருகிய பிளேடு அவர் மேஜைமேல் கிடந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே சகலை, “மேடம், தப்பு என்னுது. ஓட்டை அடையாம பூசினதை நான் அண்ணன்கிட்ட சொல்லலை” என்றார். பார்த்தீர்களா? பழியைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை. அதையும் அவரே எடுத்துக்கொண்டு பெரிய மனிதராகிவிடப் பார்த்தார். நான் சும்மா இருப்பேனா? “இல்லை மேடம், ஓட்டையைப் பெரிசாக்கினது நான். இவரைக் கேட்காம பண்ணினதும் நான்தான்” என்றேன். “அண்ணன் சும்மா சொல்றாரு மேடம்.” “நீங்க சும்மா இருங்க தம்பி, இது என் தப்பு.” “இல்லைண்ணா, என்னுது.” மேடம் பேனாவால் மேஜையைத் தட்டினார். “நீங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்கதானே? வீட்ல பேசிக்கவே மாட்டீங்களா?” என்று கேட்டார். “நான் பேசுவேன் மேடம். அண்ணன்தான் ஏதாவது யோசிச்சுக்கிட்டே இருப்பாரு” என்றார் சகலை. அதிலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை, கவனியுங்கள். மேடம் கொடுத்த தண்டனை: மறுநாளிலிருந்து இருவருக்கும் ஒரே மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி.

எதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க முடியும்? பேச்சு வந்தது, ஓட்டையைப் பற்றி மட்டும். ஒருநாள் அவர், “அண்ணா, ஓட்டையோட வாயை மட்டும் விசிறி மாதிரி விரிச்சுட்டா என்ன? காத்து வேகம் குறைஞ்சு, மேலேயே படிஞ்சு போகும். என் பூச்சு கொஞ்சம் சிந்தினாலும் தாங்கும்” என்றார். மாமா, அந்த யோசனை எனக்குப் பல நாளாக இருந்தது. நான் மனதில் வைத்திருந்தேன், அவர் வாயில் வைத்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். சரிவை நான் பார்த்தேன், பூச்சின் கனத்தை அவர் பார்த்தார். பென்சிலைப் பிடுங்கிப் பிடுங்கி வரைந்தோம். சண்டை போட்டோம். அவரும் என்னிடம் குரலை உயர்த்தினார் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அந்த ஒரு மாலை எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது.

மறு சோதனை போன வாரம் நடந்தது. பிளேடு தாங்கியது. வேண்டிய நேரம் முழுக்க எஞ்சின் முழுச் சூட்டில் ஓடியும், கேமரா உள்ளே போய்ப் பார்த்தபோது பீங்கான் வெள்ளை அப்படியே இருந்தது, விளிம்பு அப்படியே இருந்தது. சோதனைக்கூடத்தில் எல்லோரும் கூடி நிற்க, மேடம் பாராட்டினார். சகலை முன்னால் வந்து, “எல்லாம் அண்ணன் போட்ட ஓட்டை மேடம். நான் மேல சட்டை மட்டும்தான் போட்டேன்” என்றார். எனக்குக் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் என் ஓட்டைக்குக் கிடைத்த முதல் கைதட்டல். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், “என்ன ஒரு நல்ல மனசு!” என்று அவருக்கு அதைவிடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

நீங்களே சொல்லுங்கள். கெட்டவன் என்றால் எதிர்க்கலாம். சோம்பேறி என்றால் மேலே புகார் கொடுக்கலாம். இப்படிப்பட்ட ஒரு நல்லவரோடு ஒரே மேஜையில் ஒரு சாதாரண மனிதன் எத்தனை காலம் தள்ள முடியும்? அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் சொன்னால் தட்டமாட்டார். எப்படியாவது அவரை வெளியூருக்கு அனுப்பி வைக்கவும். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

அத்தை இருமலுக்குக் குளிர்ந்த நீரைத் தொடாமல் இருக்கட்டும். தாங்கள் படியேறாமல் இருக்கவும். பெரியவர்கள் இருவருடைய ஆசியும் எங்கள்மேல் என்றும் இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் சரிபாதியாக.

தங்கள் அன்புக்கு ஏங்கும்,
மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: நேற்று ராத்திரி உறையை ஒட்டப் போகும் நேரத்தில் சகலை வீட்டுக்கு வந்தார். கடல் தாண்டி ஒரு பெரிய எஞ்சின் தொழிற்சாலையில் அவரை ஒரு பிரிவுக்கே தலைவராகக் கூப்பிடுகிறார்களாம். என்னுடையதைவிட ரொம்பப் பெரிய வேலை. இன்னும் பதில் சொல்லவில்லையாம். “நீங்க போன்னா போறேன், இருன்னா இருக்கேன் அண்ணா. உங்களைக் கேக்காம எப்படி?” என்றார். “போங்க தம்பி, நல்ல வாய்ப்பு” என்றது என் வாய். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “சரிண்ணா” என்று எழுந்து போய்விட்டார். உங்கள் மூத்த மகள் அதிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று அவர் விடுப்பு. காலையில் மேஜையில் ஒரு ஓட்டையின் சரிவில் சந்தேகம் வந்து, “இது சரியா வருமா தம்பி?” என்று எதிர் நாற்காலியைக் கேட்டேன். காலி நாற்காலி. பக்கத்து மேஜைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆகவே மாமா, மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூடப் பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவரைப் போனில் கூப்பிட்டு, எங்கேயும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நானே சொல்லலாம்தான். சொன்னால், பொறாமையில் தடுக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.