புருஷோத்தமனின் தனி டேங்க்

புதினா விளைச்சலை இரட்டிப்பாக்கிக் காட்டுவதென்று புருஷோத்தமன் சபதம் எடுத்தான். ஒரகடம் கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர். டார்கெட் எட்டவில்லையா, ஸ்பீடைக் கூட்டு. அவனுக்குத் தெரிந்த ஒரே வேதம் அதுதான். அதைச் சேரப்பணஞ்சேரி வீட்டுக் கொல்லையில், மனைவி மஞ்சுளா பசுமைக்குடில் போட்டு வளர்க்கும் புதினாவிடமும் ஓதினான். மண்ணில்லாத வளர்ப்பு; டேங்கில் உரம் கலந்த தண்ணீர் குழாய் வழியாக வேருக்குப் போகும். அவள் ஒரு மூடி உரம் ஊற்றினால், இவன் கமுக்கமாக மேலும் மூன்று மூடி ஊற்றினான்.

இலை வெற்றிலை அகலத்துக்கு வந்தது. புருஷோத்தமனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதினா வாங்கும் ஹோட்டலின் பர்ச்சேஸ் மேனேஜர் இசைவாணி நேரிலேயே வந்தாள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தாள். முகம் சுளித்தாள்.

"இன்னாக்கா இது? பாக்க நல்லாதான் இருக்கு. வாசனையே இல்லியே! அடுத்த அறுப்பும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

கடை கடையாக ஏறி இறங்கி மஞ்சுளா பிடித்த ஒரே பெரிய வாடிக்கை அது. அவள் விழுந்தடித்துக் கொண்டு கணவனிடம் வந்தாள்.

"உரத்த இன்னா பண்ணீங்க?"

"பசிக்குமேன்னு சாப்பாடு போட்டேன். அது ஒரு குத்தமா?"

"அளவு மீறிப் போட்டா இலைதான் ஊதும், மணம் ஏறாது. கைய வெக்காதீங்க."

"எங்க லைன்லலாம்..."

"உங்க லைன் மாதிரி ஓவர்டைம் பாக்க, புதினாவுக்கு இன்னா பொண்டாட்டி புள்ளையா கீது?"

அவள் உர பாட்டிலைப் பரணில் ஒளித்தாள். இவன் புதுசு வாங்கி வந்தான். அதையும் ஒளித்தாள். இன்னொன்று வந்தது.

ஒருநாள் மஞ்சுளா திடீரென்று பணிந்துவிட்டாள். "நீங்க சொன்னதே சரிங்க. உங்களுக்குன்னு தனி டேங்க் வெச்சிட்டேன். எவ்ளோ ஊத்துறது உங்க இஷ்டம்."

"இப்பதான் உனுக்கு புத்தி வந்துகீது!"

ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மைக்கூடக் கழற்றாமல், குடிலுக்கு வெளியே அவள் வைத்திருந்த நீல டிரம்மில் உரம் கலக்கி வால்வைத் திறப்பான். கம்பெனி பஸ்ஸில் ஓசிக்கு விவசாய வகுப்பும் எடுத்தான்.

அடுத்த அறுப்பு. தெருமுனையிலேயே புதினா மணத்தது. இசைவாணி கண்ணை மூடி முகர்ந்தாள்.

"அப்பா, ஆளத் தூக்குது! இனிமே வாராவாரம் எங்களுக்கே குடுத்துடுங்க. எப்பிடி சார் பண்ணீங்க?"

"எல்லாம் நம்ம டேங்க் மேடம்" என்றான் புருஷோத்தமன். மஞ்சுளா கட்டுகளை எண்ணுவதில் மும்முரமாக இருந்தாள்.

நன்றி மறக்கிறவன் இல்லை அவன். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் செய்வதுபோல, டிரம்முக்குச் சாமந்தி மாலை போட்டுக் கும்பிட்டான். குழாய் நெடுகச் சாணுக்கு ஒரு சந்தனம், ஒரு குங்குமம் வைத்துக்கொண்டே போனான். குழாய் குடிலின் வாசல்வரை போனது. உள்ளே போகவில்லை. திரும்பி வேலிக்கு அடியில் நுழைந்தது. அவனும் குனிந்து நுழைந்தான். பக்கத்து வீட்டுச் செங்கமலத்தின் மாட்டுப்புல் அவன் தலைக்கு மேல் நின்றது.

"வாப்பா, புண்ணியவான்!" என்று கும்பிட்டாள் செங்கமலம். "தெனம் நீ வுடுற தண்ணியிலதான் இந்தப் புல்லு. மாடு கூடக் கறக்குது!"

குங்குமக் கையோடு திரும்பி வந்தான்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"டேங்க் வெச்ச அன்னியிலேருந்து. உங்கள நிறுத்த முடியல. குழாயத் திருப்பி வுட்டேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் அறுப்பு நாள் நினைவுக்கு வந்தது. இசைவாணி முன்னால் இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? வாடிக்கையையும் காப்பாற்றி, புருஷன் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறாள். இப்படியொருத்தி வாய்த்ததற்கு வல்லக்கோட்டை முருகனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னான்.

"மாலைய உனுக்குதான் போட்டிருக்கணும் மஞ்சு. சத்தியமா, இனிமே அந்த டேங்க்கத் தொடமாட்டேன்."

"ஐயையோ, நிறுத்திடாதீங்க!" பதறிப்போனாள் மஞ்சுளா. "நாளையிலேருந்து இன்னும் தூக்கலாவே ஊத்துங்க. செங்கமலம் அக்கா ரெண்டாவது மாடு வாங்கிட்டாங்க."