தொட்டில் பக்கம் சாய்ந்த ஆன்டெனா

"கிர்ர்ர்... டக்."

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. படிக்கட்டுப் பக்கமிருந்து வந்த சத்தத்தில், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மனைவியின் கை அப்படியே நின்றது.

"என்னங்க, படியில யாரோ இருக்காங்க."

"யாருமில்ல. அது நம்ம ஆன்டெனா," என்றார் எஞ்சினியர், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல. பெற்ற பிள்ளையோ அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தது. பல் முளைக்கும் நேரம். வீட்டில் தூக்கம் என்ற சாமான் தீர்ந்து பல நாள் ஆகிவிட்டது.

"ஆன்டெனா எதுக்குங்க நடமாடுது?"

"நடமாடல, திரும்புது. இன்னைக்கு இருக்கிற சிக்னல் நாளைக்கு இருக்காது. எதிர்ல ஒரு லாரி வந்து நின்னாலே போச்சு. இது நிலைமையைப் பார்த்துத் தன்னைத்தானே மாத்திக்கும். எந்தக் கருவி நிறைய கேக்குதோ அந்தப் பக்கம் சாயும். இரைச்சல் வர்ற பக்கம் காதை மூடிக்கும்."

"உங்களைப் பார்த்துத்தான் செஞ்சாங்களா?"

எஞ்சினியர் அந்தப் பக்கம் காதை மூடிக்கொண்டார்.

"ஒரு வாரம் ராத்திரி பூரா சோதனை. நான் மாடி அறையில இருப்பேன். கதவைத் தட்டிடாத, அலை கலைஞ்சிடும்."

அலை கலையாது. கலையக்கூடியது அவர் தூக்கம். அளவுகளை லேப்டாப்பே எடுத்துக்கொள்ளும். மாடி அறையில் மெத்தை உண்டு, கனமான திரை உண்டு, குழந்தையின் அழுகை அங்கே ஏறி வருவதற்குள் களைத்துவிடும். இவ்வளவையும் யோசித்துத்தான் ஆபீஸ் ஆன்டெனாவை வீட்டுக்கே தூக்கி வந்திருந்தார்.

"இந்தச் சத்தத்தோட நான் தனியாவா? எனக்குப் பயமா இருக்குங்க."

"பயமா இருந்தா உள்பக்கம் தாழ் போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

காலையில் இறங்கி வந்தார். "சோதனை எப்படிங்க?"

"கண்ணே மூடல."

கன்னத்தில் தலையணைச் சுருக்கம் ரயில் பாதைபோல ஓடியது. மனைவி அதை ஒருமுறை பார்த்தாள். டீயை ஆற்றினாள்.

"ஏங்க, நிறைய கேக்கறதுன்னா என்ன? யாரு கேட்டாலும் சாயுமா?"

எஞ்சினியருக்கு உச்சி குளிர்ந்தது. கல்யாணமான நாளாய் இவள் அவர் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை. "ஒரு போன்ல வீடியோ விடாம ஓடினாப் போதும், அங்கயே போய் நிக்கும். நம்ம மாடலுக்கு ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான். மத்த பக்கம் காஞ்சு போகும்."

"அப்படியா," என்றாள், குழந்தையின் வாயைத் துடைத்தபடி.

அன்றிரவு மேலதிகாரி மேடம் வீடியோவில் சோதனையைப் பார்ப்பதாக ஏற்பாடு. எஞ்சினியர் மாடி அறையில் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் வாயைத் திறந்தார்.

"கிர்ர்ர்... டக்."

திறந்த வாய் திறந்தபடியே உறைந்துவிட்டது. எஞ்சினியர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படியில் சிக்னலே இல்லை. சமையலறையில் பேருக்கு ஒரு கோடு. தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் முழு சிக்னல்.

"இங்க வருதா? பாவம், உட்காருங்க. இந்தக் கயிறைக் கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்."

பிடித்தார். மேடம் உயிர் பெற்றார்.

"பின்னால என்ன ஆடுது?"

"தொட்டில், மேடம். இதோ நிறுத்திடறேன்."

"நிறுத்தாதீங்க. ஆன்டெனா அந்த ஆட்டத்தோடயே கூடப் போகுது, இங்க என் திரையில அளவு கொஞ்சமும் இறங்கல. ஆடற பொருள் மேல நம்ம யாரும் சோதிச்சதே இல்ல. ஒரு வாரம் இப்படியே ஆட்டுங்க."

"ராத்திரி பூராவா, மேடம்?"

"தினம் காலையில அளவைப் பார்ப்பேன். நின்னா தெரிஞ்சிடும்."

மேடம் போனதும் எஞ்சினியருக்குச் சந்தேகம் வந்தது. தொட்டில் மெத்தைக்கு அடியில் கையை விட்டார். மனைவியின் போன். அதில் சத்தமில்லாமல் ஓர் அருவி கொட்டிக்கொண்டிருந்தது.

எடுக்கலாமென்று பார்த்தார். மேடத்தின் முகம் நினைவுக்கு வந்தது. போனைப் பழையபடியே வைத்தார். குழந்தை சிணுங்கியது. கயிற்றை இழுத்தார்.

படியில் தலையணையோடு மனைவி ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ எங்க போற?"

"தூங்கத்தான். தனியா பயமா இருக்கும், உள்பக்கம் தாழ் போட்டுக்கறேன். நடுவுல கதவைத் தட்டிடாதீங்க, அலை கலைஞ்சிடும்."

மேலே "டக்" என்றது. இந்த முறை அது ஆன்டெனா இல்லை.