வெள்ளைக்காரர் சட்டைப் பையில் ஒரு கல்யாணம்

என் வாழ்நாளில் ஒரே ஒருவர்மேல்தான் திருட்டுப் பழி போட்டிருக்கிறேன். அவர் திருடியதாக நான் சொன்ன பொருள், ஒரு கல்யாணம்.

இத்தனைக்கும் நான் வாயில்லாப் பூச்சி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பால்காரரிடம் இன்னொரு பாக்கெட் கேட்கக் கூச்சப்பட்டு வரக்காப்பி குடித்த நாட்கள் உண்டு (இப்போதும் உண்டு).

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பிலிம் போய் கம்ப்யூட்டர் வந்திருந்த காலம். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையில் நான் உட்காருவேன். எனக்குக் கற்றுக்கொடுத்தது இரண்டே வேலை. திரையில் இருக்கும் மூன்று பெட்டிகளில் மூன்றாவதைத் தட்டினால் கல்யாணப் படங்கள் வரும், காட்டணும். யாராவது பென் டிரைவ் கொண்டுவந்தால் சட்டென்று பிடுங்கக் கூடாது. மூலையில் பச்சை அம்பு போட்ட குட்டிப் படத்தைத் தட்டி, அதில் வருகிற பெயரைத் தட்டி, 'இனி எடுக்கலாம்' என்று கட்டம் வந்த பிறகுதான் உருவணும். இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. கட்டம் வந்தால் உருவுவேன், அவ்வளவுதான்.

அன்று ஒரு வெள்ளைக்காரர், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தான் தள்ளுகிற மாதிரி எடுத்த படத்தைப் பிரிண்ட் போட வந்தார். வீட்டுக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டு, "பென் டிரைவ உருவிக் குடுத்துடு" என்று சாப்பிடக் கிளம்பிவிட்டார்.

பச்சை அம்பைத் தட்டினேன். எப்போதும் ஒரு பெயர்தான் வரும். அன்று இரண்டு! யாரைக் கேட்பது? எதிரில் நிற்கும் வெள்ளைக்காரரை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. வந்தவர் சாமான் எதுவும் நம்மிடம் தங்கிவிடக் கூடாதே என்று இரண்டையும் தட்டினேன். இரண்டுக்கும் கட்டம் வந்தது. உருவிக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கைகூப்பிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கியதும் கல்பாக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் புதுப்பெண்ணும் வந்தார்கள். போன வாரம்தான் அந்தக் கல்யாணத்தை நாங்கள் படம் எடுத்திருந்தோம்.

"நாளைக்குக் காலைல இவளுக்கு விசா இன்டர்வியூங்க. தாலி கட்ற படம் காட்டணுமாம். இல்லன்னா கல்யாணம் ஆச்சுன்னே நம்பமாட்டாங்களாம். புருஷன் வெளிநாட்ல தனியா கீறாரு" என்றார் அம்மா.

திரையைப் பார்த்தேன். இரண்டு பெட்டிதான் இருந்தது. மூன்றாவது இருந்த இடம் வெறிச்சென்று வெள்ளையாக இருந்தது. காமிரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. வேறு பிரதி கிடையாது.

"இன்னாங்க, ஏன் நிக்கிறீங்க?"

"உங்க பொண்ணு கல்யாணம்... இப்பதான் வெளிய போச்சு" என்றேன்.

கம்ப்யூட்டரே 'எடுத்துக்கோ' என்றது, நானும் எடுத்துக் கொடுத்தேன். அப்படியென்றால் அது அவர் பையில்தானே இருக்கும்? (என் மூளை அவ்வளவுதான் ஓடியது.) செருப்புகூடப் போடாமல் ஓடினேன். பின்னாலேயே புதுப்பெண். வாசலில் ஆட்டோக்கார தாஸ், "இன்னாக்கா பேஜாரு? ஏறு ஏறு" என்றான்.

கடற்கரைக் கோயில் போகும் வழியில் பிடித்தோம். ஆண்பிள்ளை முகத்தைப் பார்க்காத நான், நேராகப் போய் அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"சார்! மேரேஜ்! கிவ் மேரேஜ்!" என்று கத்தினான் தாஸ், புதுப்பெண்ணைக் காட்டி.

அந்த மனிதர் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரலில் இருந்த மோதிரத்தைத் தூக்கிக் காட்டினார். தனக்கு ஏற்கெனவே ஆகிவிட்டதாம்!

பாசிமணி விற்கிற பொம்பளை ஒருத்தி, "இன்னாமே, நடுரோட்லயே மாப்ள புடிக்கிறீங்களா?" என்றாள். கூட்டம் சிரித்தது. புதுப்பெண் அழுதாள்.

வெள்ளைக்காரரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் கடைக்குத் திரும்பி, அவர் பென் டிரைவைச் செருகினோம். யானை, கோயில், பாறை. கல்யாணம் இல்லை. அந்த அம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டு வந்தார். நடந்ததைக் கேட்டார். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டார்.

மூன்று பெட்டி. தட்டினார். தாலி கட்டுகிற படம் திரை நிறைய வந்து நின்றது. வெள்ளைக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் போனில் பிடித்தார். அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நாந்தான் சொன்னேனே அண்ணாத்த! உள்ள புதுசா போட்டது ஸ்குரூ போட்டு முடுக்கின ஹார்டு டிஸ்க்கு. அதயும் கழட்டற சாமான்னு கம்ப்யூட்டர் தப்பா காட்டுது. வந்து செட்டிங் மாத்தறேன், அதுவரிக்கும் அந்தப் பேரத் தொடாதீங்கன்னேனே?"

"ஆமா, சொன்னான். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார் என்னிடம், ரொம்பச் சாதாரணமாக. போட்டோ எடுக்கத் தொங்கவிட்டிருந்த, ஏரிக்கரை வரைந்த துணித் திரைக்குப் பின்னால் நான் போய் நின்றுகொண்டேன். வெள்ளைக்காரர் அந்தத் திரைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாராம்.

அந்தப் பெண்ணுக்கு விசா கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வேறு. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யார் கிளம்பினாலும், வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்று, "கொஞ்சம் இரு, பைய காட்டு. இவ யார் கல்யாணத்தயாவது தூக்கிப் போட்டிருக்கப் போறா" என்பார். எங்கள் பெண்ணைக் கட்டிய புது மருமகனிடமும் அதைச் சொன்னார். அவர் பாவம், உண்மையாகவே பையைத் திறந்து காட்டினார்.