மாமனாருக்கு முன்னால் அணைந்த மானிட்டர்

கம்ப்யூட்டர் திரையில் வருவதை முழுசாகப் படிக்கிற மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவரே எனக்கு மாமனாராக வாய்த்தது என் தலையெழுத்து.

தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலையில் கல்யாணக் கார்டு, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுக்கிற டி.டி.பி. கடை வைத்திருந்தேன். (கடை என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, திருவனந்தபுரத்தில் ஏதோ ஆபீஸ் கழித்துக்கட்டிய பதினான்கு அங்குல மானிட்டர்.) காட்டாக்கடையில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்: பெட்டியைத் தட்டி ஒருவன் குடும்பம் நடத்த முடியுமா? அதைத் தீர்த்துக்கொள்ளத்தான், கல்யாணக் கார்டைச் சரிபார்க்கிற சாக்கில், குடையும் கண்ணாடியுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கேரள எல்லையோரத்து எங்கள் ஊர்க் கார்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம். இரண்டிலும் இரு வீட்டுப் பெரியவர்களும் சமமாக நிற்க வேண்டும். ஒரு சித்தப்பா குறைந்தாலும் பந்தியில் தெரியும். என் திரையின் அளவோ 640-க்கு 480 புள்ளி. தமிழ்ப் பக்கம் மட்டுமே பிடித்தது.

"மலையாளத்துல நம்மளுக்க ஆளுவளுக்க பேரு எங்க மக்கா?"

"அந்தப் பக்கம் உண்டு மாமா" என்று நகர்த்தினேன். தமிழ் மறைந்தது. இப்போது தமிழில் உன் ஆட்களைக் காணோமே என்றார். சுருக்கினால் பெயர்களெல்லாம் எறும்பு வரிசை. மறுபடி நகர்த்து, மறுபடி காணோம்.

எரிச்சல் தலைக்கேறியது. செட்டிங்கைத் திறந்தேன். திரை அளவுப் பட்டியலில் 1024-க்கு 768 என்று ஒன்று இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பட்டியலைத் தருவது உள்ளே இருக்கிற டிஸ்ப்ளே கார்டு. அது கல்யாணத் தரகர் மாதிரி, எது கேட்டாலும் 'உண்டு' என்றுவிடும். தாங்க வேண்டியவன் மானிட்டர். (இந்த ஞானமெல்லாம் பிறகு வந்தது.) ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. ஓகே கொடுத்தேன்.

மானிட்டர் கீச்சென்று விசிலடித்தது. இரு வீட்டுப் பெரியவர்களும் பட்டைபட்டையாகக் கிழிந்து ஓடினார்கள். பிறகு இருட்டு.

வெடிக்கப் போகிறது என்று நானாகவே முடிவு செய்தேன். "மாமா, வெளிய ஓடுங்க" என்று கத்தி, அவர் குடையையே பிடுங்கி, வளைந்த கைப்பிடியால் எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தேன். மின்விசிறியும் நின்றது. கார்டை இன்னும் சேவ் செய்யவில்லை என்பது அந்த அமைதியில்தான் உறைத்தது.

மாமனார் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரியா தெரியல்லேன்னா பதினைஞ்சு செக்கண்டு பொறுத்திரு, தானா பழையபடி ஆவும்னு அதுல எழுதியிருந்ததாக்கும். நீ வாசிக்கல்லியா?"

சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாம்! என் வாழ்க்கையில் எனக்கு நன்றாக வரக்கூடிய ஒரே வேலை அது. அதையும் கோட்டைவிட்டேன்.

குடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். இரண்டு மொழியிலும் அத்தனை பெயரையும் திரும்ப அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோதும், வாங்கிப் படித்தாரே தவிர, நல்லது கெட்டது சொல்லவில்லை.

சர்ச்சில் போதகர் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்டார். பதில் இல்லை. முன்வரிசையில் மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கால்கள் தாமாக வாசல் பக்கம் திரும்பின. அப்புறம்தான் 'சம்மதம்' என்றாள்.

காரில் ஏறியதும் ஏன் அத்தனை நேரம் என்று கேட்டேன்.

"அப்பா சொன்னபடி பதினைஞ்சு எண்ணினேன். நீங்க ஓடுதியளான்னு பாக்கண்டாமா?"

இன்றைக்கும் நான் எதற்காவது பதறினால் வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. எல்லோரும் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள், கடிகாரம் கட்டாதவர்கள் உட்பட.